பாக்கி எவ்வளவு என்று படித்துச் சொன்ன சிறுமி: ஒரு முதல் சிறுகதை ஆறு முறை எழுதப்பட்ட விவரம்

பின்னணி

ஈரோட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடிக் கதை படிக்கிறோம். புதிதாக எழுதுகிறவர்கள் வரைவைக் கொண்டுவருவார்கள், படிப்போம், பேசுவோம், அவ்வளவுதான். அங்கே வந்த ஒரு கதை 2023 ஜூனில் தொடங்கி 2024 நவம்பரில் அச்சாகும்வரை என்னென்ன ஆனது என்பதை, எழுதிய பெண்ணின் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை விட்டிருக்கிறேன். நான் சொன்ன யோசனைகளில் தவறானவையும் இருந்தன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டுமில்லாமல் அதைப் படித்துக் கருத்துச் சொல்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

அப்போது அவருக்கு 23 வயது. ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. வளர்ந்தது பள்ளிபாளையம் பக்கம், அதாவது காவிரிப் பாலம் தாண்டினால் அந்தக் கரை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், அம்மா தார் சுற்றுகிறவர், அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தருகிறவர். கல்லூரியில் கொஞ்சம் கவிதை எழுதியதோடு சரி, கதை இதுதான் முதல். காலையில் பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் தட்டித் தட்டி இரண்டு மாதத்தில் முடித்திருந்தார். 3,800 சொற்கள்.

முதல் வரைவில் பார்த்தது

கதை கிழக்கு வெளுப்பதில் தொடங்கியது. பறவைகள் பாடின, சூரியன் தன் கதிர்களைப் பரப்பினான், அப்புறம் "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த" ஒரு குடும்பம் அறிமுகமானது. அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார், தாத்தாவுக்கு எவ்வளவு நிலம் இருந்தது, அது எப்படிப் போனது, அம்மாவின் கல்யாணம், முன்பணம் வாங்கிய கதை என்று 1,100 சொற்கள் ஓடிய பிறகுதான் முதல் முறையாக யாரோ ஒருவர் எழுந்து நடந்தார்.

முதல் பக்கம் மகளின் பார்வையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அம்மாவின் மனசுக்குள் போய், ஆறாம் பக்கத்தில் முதலாளியின் "கல் நெஞ்சுக்குள்" இறங்கி, அங்கிருந்து மறுபடி மகளிடம் வந்தது. கண்ணீர் என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர் தன் மனைவியிடம் "நாம் என்ன பாவம் செய்தோம்" என்று மேடை நாடகம் போலப் பேசினார். கடைசியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார், மகள் சபதம் எடுத்தாள்.

"உங்க அப்பா இப்போ எப்படி இருக்காரும்மா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காருங்க சார்."

"அப்புறம் ஏன் கதையில சாகடிச்சீங்க?"

"கதைன்னா எதாச்சும் நடக்கணுமில்லைங்களா?"

இந்தப் பதிலை அவர் மட்டும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வந்த முதல் கதைகளில் முக்கால்வாசி சாவிலோ தற்கொலையிலோ முடிந்தவைதான். கதைக்குள் எதை நோக்கிப் போகிறோம் என்பது பிடிபடாதபோது சாவு ஒன்றுதான் கைக்கெட்டுகிற முடிவாக நிற்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "தறி நின்றதும் அம்மா விழித்துக்கொண்டாள்." எழுதியவர் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை, அடுத்த வரியில் வேறு எங்கோ போய்விட்டார். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தறிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது, அதுதான் தாலாட்டு. சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது, அதனால் அமைதிதான் அவர்களை எழுப்பும். வறுமை, கண்ணீர், கோரப்பிடி என்று மூன்று பக்கம் எழுதிச் சொல்ல முடியாததை அந்த வரி சொல்லிவிட்டது, அதுவும் அந்த வீட்டில் தூங்கி எழுந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி.

முதல் வரைவு எழுதிய யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன். பிழை தேடுவதற்கு முன்னால், வேறு யாராலும் எழுதியிருக்க முடியாத வரி எது என்று தேடி அடியில் கோடு போட்டு வையுங்கள். பத்துப் பக்கத்தில் ஒன்று கிடைத்தாலும் போதும்.

முதல் முடிவு: வெட்டச் சொன்னது

முதல் 1,100 சொற்களையும் எடுத்துவிட்டு அம்மா விழித்துக்கொள்ளும் வரியில் கதையைத் தொடங்கச் சொன்னேன். மகளின் பார்வையை விட்டு நகர வேண்டாம், அப்பா சாக வேண்டாம், கண்ணீர் என்ற சொல்லை ஒரு இடத்தில்கூட வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

காரணம் எளிது. புதிதாக எழுதுகிறவர்கள் கதைக்குள் நுழைய ஒரு பாதை போட்டுக்கொள்கிறார்கள். ஊர், குடும்பம், பழைய கதை எல்லாம் எழுதியவருக்குத் தெரிய வேண்டியவை, அவற்றை எழுதித்தான் அவரே கண்டுபிடிக்கிறார். வாசகர் அந்தப் பாதையில் நடந்துதான் வர வேண்டும் என்பதில்லை. இதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் சரியாகவும் வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் இவருக்கும் சொன்னேன், இரண்டாவது தடவை அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்காமலே.

நான்கே நாளில் புது வரைவு வந்தது. 2,300 சொற்கள்.

வெட்டியதால் ஆனது

ஆகஸ்ட் கூட்டத்தில் இரண்டாம் வரைவைப் படித்தோம். எங்கள் வழக்கப்படி எழுதியவர் படிக்க மாட்டார், வேறொருவர் உரக்கப் படிப்பார், பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். எழுதியவரே படித்தால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்து படித்துவிடுவார், தாளில் இல்லாததைக்கூடக் குரல் சேர்த்துவிடும். அடுத்தவர் தடுமாறும் இடம்தான் உண்மையான இடம்.

படித்து முடித்ததும் இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் கூட்டத்தில் வயதில் மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: "அந்த மொதலாளி அவ்வளவு மோசம்னா வேற பட்டறைக்குப் போயிரலாமே? ஏன் அங்கேயே கெடக்கறாங்க?"

மாடியில் யாரும் பேசவில்லை. கதையில் அதற்குப் பதில் இல்லை. பதில் நான் வெட்டச் சொன்ன பக்கங்களில் இருந்தது.

விசைத்தறி வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குவது அந்தப் பக்கம் வெகுகால வழக்கம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கியது கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும், நடுவில் இன்னொரு செலவு வந்தால் மறுபடி ஏறும். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், ஆள் கைமாறுவார், கடன் கூடவே வரும். இது தெரியாமல் படித்தால் அந்தக் குடும்பம் சும்மா உட்கார்ந்து வருத்தப்படுகிற குடும்பமாகத்தான் தெரியும். ஈரோட்டில் தறிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வாழ்கிற எனக்கு அது தானாகவே தெரிந்திருந்ததால், கதையில் அது இருந்தாக வேண்டும் என்று தோன்றவில்லை. என் தவறு அங்கேதான்.

இன்னொன்றும் நடந்தது. பழைய பக்கங்களைப் பார்க்கலாம் என்றால் அவர் கைப்பேசியில் அவற்றை அழித்துவிட்டிருந்தார். நான் வெட்டச் சொன்னதை அழிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நல்லவேளையாக எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருந்தது. அன்றிலிருந்து யாரிடமும் வெட்டுங்கள் என்று மட்டும் சொல்வதில்லை, முதலில் ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள் என்கிறேன்.

தொலைபேசியில் கிடைத்தது

கூட்டம் முடிந்த வாரம் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். இந்த முறை யோசனை எதுவும் சொல்லவில்லை. கதையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "கரண்ட் போனதும் உங்க அம்மா எந்திரிப்பாங்க, சரி, எந்திரிச்சு என்ன பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

இருபது நிமிடம் சொன்னார். அவருக்குப் பதினோரு வயது, 2012. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட கரண்ட் இருக்காது. ராத்திரி எந்நேரம் வந்தாலும் எழுந்து தறி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாரக் கூலி அடிபடும். கரண்ட் போனதும் அப்பா பட்டறையிலிருந்து வந்து வாசலில் உட்காருவார். அம்மா சிம்னி விளக்கு ஏற்றி, மிச்சம் இருக்கிற நூலைத் தார்க்குச்சியில் கையாலேயே சுற்றுவாள். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் அப்பா ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டுவார். முதலாளி பென்சிலில் எழுதிக் கொடுக்கிற கணக்கு நோட்டு. "பாக்கி எவ்வளவு போட்டிருக்குது, படி கண்ணு" என்பார். இவர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு படிப்பார்.

"இதை ஏம்மா எழுதல?"

"அதுல என்னங்க சார் இருக்குது, எல்லா வீட்லயும் நடக்கறதுதானுங்களே."

எனக்கு அப்போது சொல்ல வார்த்தை வரவில்லை. முன்பணம் என்றால் என்ன, ஏன் வேறு பட்டறைக்குப் போக முடியாது என்று மூத்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலும், அப்பா அம்மா மகள் மூவரும் ஒரே வெளிச்சத்தில் உட்காரும் இடமும், ஒரு சிறுமி பெரியவர்களின் கடனைத் தன் வாயால் சொல்ல வேண்டிய நிலையும் அந்த ஒரு நோட்டில் இருந்தது. அன்றாடம் நடப்பதாலேயே எழுதத் தகுந்ததில்லை என்று விட்டிருந்தார்.

அந்தப் பேச்சிலேயே மூன்று விஷயம் முடிவானது. கதை கரண்ட் போவதில் தொடங்கி கரண்ட் வருவதில் முடியும், அதற்கு வெளியே ஒரு நிமிடம்கூடப் போகாது. புதிதாக எழுதுகிறவர்கள் ஒரு வாழ்க்கையையே ஒரு சிறுகதைக்குள் அடைக்கப் பார்ப்பார்கள், அதற்கு இரண்டு மணி நேரம் என்று ஒரு வேலி போட்டுக் கொடுத்தால் கை தானாகவே நிதானப்படும். முன்பணத்தைப் பற்றிய விவரம் நோட்டைப் படிக்கும் இடத்தில், அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்கிற நாலு வரியில் வந்தால் போதும். மூன்றாவது, அந்த இரண்டு மணி நேரத்தில் சிறுமிக்கு என்ன வேண்டும் என்று அவரே யோசித்துச் சொல்ல வேண்டும் என்றேன். வாழ்க்கையில் முன்னேற வேண்டும் என்பது மாதிரி இல்லை, இந்த ராத்திரி, இந்த விளக்குக்கு முன்னால், அவளுக்கு என்ன வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு வரி அனுப்பினார்: "ஆண்டு விழா டான்ஸ் டிரஸ் வாடகை 150 ரூபாய். கேட்கணும்."

பொய் சொல்லலாமா என்ற தயக்கம்

150 ரூபாய் வந்ததும் கதை நகரத் தொடங்கியது. சிறுமி அப்பாவிடம் பணம் கேட்க வேண்டும், அப்பாவோ நோட்டைக் கையில் கொடுத்திருக்கிறார், பாக்கி அதிகம் என்றால் கேட்க முடியாது. இங்கே நான் ஒரு யோசனை சொன்னேன். நோட்டில் 31,500 என்று இருப்பதை அவள் 21,500 என்று படித்தால்?

அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நான் அப்படிப் படிச்சதே இல்லைங்க சார், அப்பாவை ஏமாத்துன மாதிரி ஆயிரும்" என்றார்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதத் தொடங்குகிற எல்லோரும் இந்தக் கதவுக்கு முன்னால் ஒருநாள் நிற்பார்கள். நடந்தது நடந்தபடி எழுதினால்தான் உண்மை என்று ஒரு பயம், அதோடு வீட்டு மனிதர்களுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற வலி. அந்தச் சிறுமிக்கு வேறு பெயர் வையுங்கள், வேறு ஜாடை கொடுங்கள், லுங்கித் தறியைத் துண்டுத் தறி ஆக்குங்கள், ஊர்ப் பெயர் வேண்டாம், அப்புறம் அவள் என்ன செய்வாள் என்று பாருங்கள் என்றேன். எழுதத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபரில் மூன்றாம் வரைவு வந்தது. சிறுமி பொய்யாகப் படிக்கிறாள். அடுத்த நாள் முதலாளி உண்மையான தொகையைச் சொல்ல, அப்பா வீட்டுக்கு வந்து அவளை அறைகிறார், எல்லோரும் அழுகிறார்கள். மறுபடி கண்ணீர் வந்துவிட்டது, கதையும் வேலியைத் தாண்டி மறுநாளுக்குப் போய்விட்டது. பொய் சொன்னால் தண்டனை வர வேண்டும் என்று எழுதியவரின் மனசு கேட்டிருக்கிறது. அந்தத் தண்டனையைக் கதை கேட்கவில்லை. இதைத்தான் சொன்னேன். மறுநாள் வேண்டாம், பொய்க்கும் கரண்ட் வருவதற்கும் நடுவில் இருக்கிற நேரத்திலேயே இருங்கள்.

தறிக்காரருக்கு எண் தெரியாதா?

2024 ஜனவரிக் கூட்டத்தில் நான்காம் வரைவைப் படித்தபோது, பட்டறையில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் கேட்டது: "மீட்டர் கணக்குப் பார்க்காம எந்தத் தறிக்காரன் இருக்கறான்? எழுத்து வேணா தெரியாம இருக்கும், நம்பர் தெரியாதுங்களா?"

நியாயமான கேள்வி. எத்தனை மீட்டர் ஓடியது, மீட்டருக்கு எவ்வளவு கூலி என்று தலைக்குள்ளேயே கணக்குப் போடுகிறவர் பென்சிலில் எழுதிய ஐந்து இலக்கத்தைப் படிக்கத் தெரியாமல் இருப்பாரா? வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தை மழுப்பிச் சரிக்கட்டியிருப்பார்கள், விளக்கு மங்கல், கண் சரியில்லை என்று ஏதாவது. நானும் அதைத்தான் சொல்லப் போனேன்.

அதற்குள் எழுதியவர், பேசக்கூடாது என்ற வழக்கத்தை மீறி, மெதுவாகச் சொன்னார்: "எங்க அப்பாவுக்கு நம்பர் தெரியுமுங்க. இப்பத்தான் யோசிக்கறேன், தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லிருக்காரு. நான் படிக்கறதக் கேக்கறதுக்குன்னு."

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கதை கதையானது. ஐந்தாம் வரைவில் சிறுமி 21,500 என்று படிக்கிறாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "பரவால்லியே, கொறஞ்சிருச்சு" என்கிறார். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, உனக்கு எதாச்சும் வேணுமா?" என்று கேட்கிறார். அவள் 150 ரூபாய் கேட்கவில்லை, "ஒண்ணும் வேண்டாங்ப்பா" என்கிறாள். தூரத்தில் ஒரு தறி ஓடத் தொடங்கும் சத்தம், அப்புறம் இன்னொன்று. அப்பா எழுந்து போகிறார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கதை சொல்லவில்லை. அதற்கு இரண்டு பக்கம் முன்னால், அவர் பட்டறையில் மீட்டரைப் பார்த்து மனக்கணக்குப் போடுகிற ஒரு வரி மட்டும் இருக்கிறது.

கூட்டத்தில் யாராவது இது நடக்காது, இப்படி இருக்காது என்று சொன்னால் ஆரம்ப எழுத்தாளர்கள் சோர்ந்துவிடுகிறார்கள், அல்லது ஓட்டையை அடைக்க ஒரு சாக்குத் தேடுகிறார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, அது உண்மை என்றால் இந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள் என்று இப்போது சொல்கிறேன். இந்தக் கதையில் அப்பா என்கிற மனிதர் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வந்தார். அதுவரை அவர் பாவப்பட்ட ஒரு ஆள்தான்.

பேச்சும் தறிச் சொற்களும்

பேச்சை எப்படி எழுதுவது என்பதில் கொஞ்ச நாள் இழுத்தது. முதலில் எல்லோரும் பாடப்புத்தகத் தமிழ் பேசினார்கள். கொங்குப் பேச்சில் எழுதுங்கள் என்றதும் கதை சொல்கிற மொழியும் சேர்ந்து அப்படியே மாறி, ஒவ்வொரு சொல்லும் உச்சரிப்புப்படி உடைந்து, படிக்கவே சிரமமாகிவிட்டது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942லேயே கொங்குப் பேச்சை உரையாடலில் கொண்டுவந்த நாவல், அதைப் படித்துப் பாருங்கள், கதை சொல்லும் குரல் எங்கே நிற்கிறது, ஆட்கள் பேசுவது எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றேன். படித்துவிட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்வது எளிய எழுத்துத் தமிழ், பேசுவது ஊர்ப் பேச்சு, அதிலும் எல்லாச் சொல்லையும் உடைக்காமல் 'ங்க', 'கண்ணு', 'கெடக்கறாங்க' மாதிரி காதில் விழுகிற சில மட்டும்.

பாவு, ஊடை, நாடா, தார் போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மா கையில் குச்சியும் நூலும் இருந்து அது சுற்றிக்கொண்டிருந்தால் தார் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வறுமையை எப்படி எழுதுவது என்பதற்கு கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைக் கொடுத்திருந்தேன். அது ஏழைக் குழந்தைகளைப் பற்றிய கதைதான், ஆனால் தொடங்குவது குழந்தைகள் ஒருவரோடொருவர் போட்டி போடுவதில். அதைப் படித்த பிறகு தன் கதையில் மிச்சமிருந்த "ஏழ்மை" என்ற சொல்லை அவராகவே எடுத்துவிட்டார்.

அனுப்பியதும் வந்ததும்

ஆறாம் வரைவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உரக்கப் படித்துப் படித்து, மூச்சு முட்டுகிற வாக்கியங்களை உடைத்து, ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்ன இடங்களை எடுத்தார். 1,900 சொற்களில் நின்றது, முதல் வரைவில் பாதி. தொடக்கம் இப்படி ஆனது: "தறி நின்றதும் அம்மா விழித்துக்கொண்டாள். நான் முன்பே விழித்திருந்தேன். அப்பா வருவதற்குள் எப்படிக் கேட்பது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

மார்ச்சில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். ஐந்து மாதம் பதிலே இல்லை. நடுவில் இரண்டு முறை, கதை மோசம் போலிருக்கிறது, மாற்றி எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பதில் இல்லை என்பது கதையைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அடுத்ததைத் தொடங்குங்கள் என்றேன். ஆகஸ்டில் அங்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கதையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வேறொரு சிற்றிதழுக்கு அனுப்பினார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக்கூடாது என்பதால் அந்த மின்னஞ்சல் முக்கியம். சிற்றிதழில் நவம்பரில் வந்தது. ஆசிரியர் மாற்றியது தலைப்பை மட்டும், அதுவும் கேட்டுவிட்டுத்தான் மாற்றினார்.

வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அவருக்குப் பயம் இருந்தது. அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். உறவுக்காரர் ஒருவர் கதையில் வருகிற முதலாளி தன் முதலாளிதான் என்று நிச்சயமாகச் சொன்னார். அவர் வேலை பார்ப்பதோ வேறு ஊரில். அப்பா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இரண்டு நாள் படித்தார். படித்து முடித்ததும், "துண்டுத் தறின்னு போட்டிருக்கற, நம்முளது லுங்கியல்ல?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

வெட்டச் சொல்வதற்கு முன்னால் கேட்பேன். இந்தப் பக்கத்தில் எது இல்லாவிட்டால் வாசகருக்குக் கதை புரியாது என்று எழுதியவரையே சொல்லச் சொல்லி, அதை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் இடம் மாற்றுவதா எடுப்பதா என்று பேசுவேன். நான் இரண்டு மாதம் தாமதப்படுத்தியது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

பொய்யாகப் படிக்கிற யோசனையை நானாகச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. கதை நன்றாக வந்தது, அவரும் இன்றைக்கு அதற்காக வருத்தப்படவில்லை. ஆனாலும் அந்த மூன்று வார மௌனம் என்னால் வந்தது. "அவள் நோட்டில் இருப்பதை அப்படியே படிக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டு நிறுத்தியிருந்தால், தொகையை மாற்றுவதா, வாயே திறக்காமல் இருப்பதா, வேறு எதுவுமா என்று அவரே கண்டுபிடித்திருப்பார், அந்தப் பொய்யும் முழுக்க அவருடையதாக இருந்திருக்கும்.

மேஸ்திரியாக இருந்தவர் தற்செயலாகத்தான் அன்று வந்தார். இப்போது தொழில் சார்ந்த கதை எது வந்தாலும், மூன்றாம் வரைவுக்குள் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்கிறோம். கதை எப்படி என்று அவரிடம் கேட்பதில்லை, எங்கே இது நடக்காது என்று மட்டும் காட்டச் சொல்கிறோம்.

போன மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெண் தன் இரண்டாவது கதையின் முதல் வரைவைக் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தையில் நடக்கிறது, 900 சொற்கள் தாண்டித்தான் முதல் ஆள் வாய் திறக்கிறார். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. அந்தச் சந்தைக்கு அவர் எத்தனை மணிக்குப் போவார், யாரோடு போவார், போகும்போது கையில் என்ன இருக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.